பிரிட்டனில் போலீஸ், கோர்ட், ஜெயில்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

நான் வக்கீல் இல்லை, போலீஸும் இல்லை. இங்கே நீதிமன்றங்களுக்கும் போலீஸ் ஸ்டேஷன்களுக்கும் தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் போய்வருகிறவன். அது தெரிந்துவிட்டால் போதும், கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் சரி, ரயிலில் பக்கத்து சீட்டில் மாட்டினாலும் சரி, அதே கேள்விகள்தான் வரும். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன். முதலிலேயே ஒன்று: பிரிட்டன் என்று பொதுவாகச் சொன்னாலும் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் ஒரே சட்டம், ஸ்காட்லாந்துக்கு வேறு, வட அயர்லாந்துக்கு வேறு. தனியாகச் சொல்லாத இடத்திலெல்லாம் நான் பேசுவது இங்கிலாந்து, வேல்ஸ் பற்றித்தான்.

ஜெயிலில் இடமில்லை என்று கைதிகளை முன்கூட்டியே விடுகிறார்களாமே, நிஜமா?

நிஜம்தான். 2024 செப்டம்பர் 10 அன்று ஒரே நாளில் சுமார் 1,700 பேர் வெளியே வந்தார்கள். அதுவரை சாதாரணத் தண்டனை என்றால் பாதியை உள்ளே கழிக்க வேண்டும். அதை 40 சதவீதமாகக் குறைத்தார்கள். பாலியல் குற்றம், பயங்கரவாதம், நான்கு வருடமும் அதற்கு மேலும் தண்டனை பெற்ற கடும் வன்முறை, வீட்டு வன்முறையோடு சேர்ந்த சில குற்றங்கள் ஆகியவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. லேபர் ஆட்சிக்கு வந்த ஒரு வாரத்தில் அப்போதைய நீதி அமைச்சர் ஷபானா மஹ்மூத் அறிவித்தது இது.

ஆனால் இதை லேபர் தலையில் மட்டும் கட்டுகிறவர்களை நம்பாதீர்கள். அதற்கு முந்தைய கன்சர்வேட்டிவ் அரசு 2023 அக்டோபரிலேயே சத்தமில்லாமல் தொடங்கிவிட்டது. முதலில் 18 நாள் முன்னதாக, அப்புறம் 35 நாள், அப்புறம் 70 நாள். அந்த வழியில் வெளியே போனவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல்.

2024 கோடையில் நிலைமை எவ்வளவு மோசமென்றால், சில நாட்களில் ஆண்கள் சிறைகள் எல்லாவற்றையும் சேர்த்துக் காலியாக இருந்தது நூறு இடம்கூட இல்லை. சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் குத்திக் கொல்லப்பட்டபின் ஊர் ஊராகக் கலவரம் நடந்ததே, அதில் பிடிபட்டவர்களையும் உள்ளே தள்ள வேண்டியிருந்தது. எங்காவது ஒரு கட்டில் உறுதியானால்தான் ஆளைப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கோர்ட்டுக்கே கொண்டுவருவார்கள். அதற்கென்று அரசிடம் ஒரு திட்டமே தயாராக இருந்தது.

அவசர அவசரமாகச் செய்ததில் 37 பேரைத் தவறுதலாகவும் விட்டார்கள். இவர்கள் 'இன்னாரை நெருங்கக் கூடாது' என்ற கோர்ட் உத்தரவை மீறியவர்கள். அந்தக் குற்றம் விலக்குப் பட்டியலில் இருந்தது. ஆனால் இவர்கள் மேல் வழக்குப் போட்டிருந்தது ஏற்கெனவே ரத்தான பழைய சட்டப் பிரிவில், அதனால் சல்லடையில் சிக்கவில்லை. பிறகு தேடிப் பிடித்தார்கள்.

அப்படியென்றால் நாட்டில் குற்றம் அவ்வளவு கூடிவிட்டதா?

இல்லை. பெரும்பாலோர் தப்பாகப் புரிந்துவைத்திருப்பது இதைத்தான்.

1993-இல் சிறையில் இருந்தவர்கள் சுமார் 45,000. 2024 செப்டம்பர் தொடக்கத்தில் 88,500-ஐத் தாண்டியது. இரண்டு மடங்கு. அதே காலத்தில் குற்றம் என்ன ஆனது? இங்கே ஒரு ஆய்வு இருக்கிறது. 1982-இலிருந்து வீடு வீடாகப் போய் 'போன வருடம் உங்களுக்கு என்ன நடந்தது' என்று கேட்டுக் கணக்கெடுக்கிறார்கள். அதன்படி குற்றம் உச்சத்தில் இருந்தது 1995-இல். அதற்குப் பிறகு திருட்டும் வீடு உடைப்பும் அடிதடியும் இறங்கிக்கொண்டே வந்து பாதிக்கும் கீழே போய்விட்டன.

அப்போ யார் ஜெயிலை நிரப்பினார்கள்? அரசியல்வாதிகள்தான். 1993-இல் கன்சர்வேட்டிவ் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்ட் கட்சி மாநாட்டில் 'சிறை பலன் தருகிறது' என்று முழங்கினார். அதே வருடம் எதிர்க்கட்சியில் இருந்த டோனி பிளேர் 'குற்றத்திடமும் கடுமை, குற்றத்தின் காரணங்களிடமும் கடுமை' என்றார். அன்றிலிருந்து இரண்டு கட்சிக்கும் ஏலம்தான். ஒருவர் பத்து வருடம் என்றால் மற்றவர் பன்னிரண்டு. 2003-இல் கொலைத் தண்டனைக்குக் குறைந்தபட்சக் கணக்கைச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். கத்தியை எடுத்துக்கொண்டு போய்க் கொன்றால் 25 வருடத்தில் தொடங்கு என்று 2010-இல் சேர்த்தார்கள். 2000 வாக்கில் கொலைக் குற்றவாளி குறைந்தபட்சம் உள்ளே இருக்க வேண்டிய காலம் சராசரி 13 வருடம் போல இருந்தது, இப்போது 20-க்கும் மேல். உள்ளே போகிறவர் எண்ணிக்கை கூடாவிட்டாலும் வெளியே வருவது தாமதமானால் அறை நிரம்பத்தானே செய்யும். கட்டிலைப் போடாமல் விருந்தாளியை மட்டும் நீண்ட நாள் இருக்கச் சொன்ன கதை.

எல்லாக் குற்றமும் குறைந்துவிட்டது என்றும் நான் சொல்லவில்லை. கடையில் பொருள் எடுப்பதும், லண்டன் தெருவில் எலக்ட்ரிக் சைக்கிளில் வந்து போனைப் பறிப்பதும் கூடியிருக்கின்றன. அந்த வீட்டு ஆய்வில் கடைத் திருட்டு வரவே வராது, ஏனென்றால் அவர்கள் கேட்பது வீட்டில் இருப்பவரிடம், கடையிடம் இல்லை. அதனால்தான் புள்ளிவிவரம் ஒன்று சொல்லும், உங்கள் கடைத்தெரு வேறொன்று சொல்லும், இரண்டும் பொய் இல்லை.

ஐந்து வருடம் என்று ஜட்ஜ் சொன்னால் ஐந்து வருடமா?

ஒரு தடவை கோர்ட் வராந்தாவில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினார். 'ஐந்து வருசம் தம்பி, அவன் வரும்போது நான் இருப்பனோ தெரியாது.' அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். 2024-இல் வந்த கணக்குப்படி, சாதாரணத் தண்டனை என்றால் ஐந்தில் 40 சதவீதம், அதாவது இரண்டு வருடம். தீர்ப்புக்கு முன்னால் ரிமாண்டில் இருந்த நாட்களை அதிலிருந்து கழித்துவிடுவார்கள். மிச்சக் காலம் முழுவதும் 'லைசன்ஸ்' என்ற பெயரில் வெளியே, நிபந்தனையோடு: வெளியே வந்தவரைக் கண்காணிக்கும் புரொபேஷன் அதிகாரியைப் போய்ப் பார்க்க வேண்டும், சொன்ன விலாசத்தில் இருக்க வேண்டும், சிலருக்குக் காலில் டேக், அதாவது எங்கே இருக்கிறார் என்று காட்டும் கருவி. அதே கணக்கில், கடுமையான வன்முறை, பாலியல் வழக்குகளில் பாதிகூடப் பேச்சில்லை, மூன்றில் இரண்டு பங்கு உள்ளே.

நிபந்தனையை மீறினால் திரும்ப உள்ளே. இதை ரீகால் என்பார்கள். புதுக் குற்றம் செய்திருக்க வேண்டும் என்றில்லை, சந்திப்புக்குப் போகாமல் விட்டாலும் போதும். 1993-இல் இப்படித் திரும்ப உள்ளே போய் இருந்தவர்கள் நாடு முழுக்கவே ஏறக்குறைய நூறு பேர். 2024-இல் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல்! சிறை நிரம்பியதற்கு இது இன்னொரு பெரிய காரணம், டிவியில் யாரும் பேசுவதில்லை.

இந்த விகிதங்கள் மாறிக்கொண்டே இருக்கும். முன்னாள் கன்சர்வேட்டிவ் நீதி அமைச்சர் டேவிட் காக் தலைமையில் ஒரு குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது, செப்டம்பரில் அதை வைத்து மசோதா வந்தது. ஒரு வருடமும் அதற்குக் கீழும் உள்ள தண்டனைகளைப் பொதுவாக நிறுத்திவைப்பது, ஒழுங்காக நடந்துகொள்கிறவரைச் சீக்கிரம் விடுவது இதெல்லாம் அதில் இருந்தன. உங்கள் வீட்டுப் பிள்ளையின் வழக்கு என்றால் தேதியை என்னிடம் கேட்காதீர்கள், சொலிசிட்டரிடம், அதாவது உங்கள் வக்கீலிடம் கேளுங்கள்.

'ஐபிபி' என்று ஒன்று சொல்கிறார்களே, அது என்ன?

கேட்டால் தூக்கம் வராத விஷயம் அது. 'பொதுமக்கள் பாதுகாப்புக்கான சிறை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். டேவிட் பிளங்கெட் உள்துறை அமைச்சராக இருந்தபோது 2003 சட்டத்தில் கொண்டுவந்து 2005-இல் அமலானது. ஆபத்தானவன் என்று கோர்ட் நினைத்தால் 'குறைந்தது இரண்டு வருடம், அதற்குப் பிறகு எப்போது நீ ஆபத்தில்லை என்று பரோல் போர்டு நம்புகிறதோ அப்போது' என்று தண்டனை. முடிவுத் தேதி இல்லை. சுமார் 900 பேருக்குத்தான் வரும் என்று அரசு கணக்குப் போட்டது. கொடுத்தது 8,711 பேருக்கு.

'ஆபத்தில்லை' என்று காட்டச் சில பயிற்சி வகுப்புகளை முடித்திருக்க வேண்டும். அந்த வகுப்பு பல சிறைகளில் கிடையாது. இடமாற்றம் கேட்டால் வரிசை. ஆக, படிக்கச் சொன்ன பாடத்தை நடத்தாமலே பெயிலாக்கிக்கொண்டிருந்தார்கள். 2012-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமே இது தவறு என்றது. அதே வருடம் இந்தத் தண்டனையை ஒழித்தார்கள், ஆனால் ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு அல்ல! இரண்டு மூன்று வருடக் குறைந்தபட்சத்தோடு உள்ளே போய்ப் பத்துப் பதினைந்து வருடம் கழித்தும் உள்ளே இருப்பவர்கள் உண்டு. ரீகாலில் வந்தவர்களையும் சேர்த்தால் 2025-இலும் சுமார் 2,500 பேர் இருந்தார்கள். உள்ளேயே உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் பலர். பிளங்கெட்டே பின்னாளில் இதற்காக வருந்துவதாகச் சொன்னார். 2024-இல் ஒரு சட்டம் வந்து வெளியே இருப்பவர்களின் லைசன்ஸ் காலத்தைக் குறைத்தது, உள்ளே இருப்பவர்களுக்குப் புதிதாகத் தண்டனை நிர்ணயிக்க மட்டும் எந்த அரசுக்கும் தைரியம் வரவில்லை.

உள்ளே எப்படி இருக்கும்? டிவி, ஏசி, ஹோட்டல் மாதிரி என்கிறார்களே?

டிவி உண்டு, வாரம் ஒரு சிறு வாடகை கொடுத்து. ஏசியாம்! பென்டன்வில் 1842-இல் திறந்தது, வாண்ட்ஸ்வர்த் 1851-இல். விக்டோரியா மகாராணி காலத்துச் செங்கல் கட்டடங்கள், கோடையில் அடுப்பு, பனிக்காலத்தில் ஐஸ்பெட்டி. டார்ட்மூர் சிறை நெப்போலியன் சண்டையில் பிடிபட்டவர்களை அடைக்கக் கட்டியது, அதில் ரேடான் என்ற கதிரியக்க வாயு கசிகிறது என்று 2024-இல் ஆட்களை எல்லாம் வெளியேற்றிவிட்டார்கள்.

நான் மொழிபெயர்ப்புக்குப் போன ஒரு பழைய சிறையில் (எது என்று சொல்லவில்லை) போன், வாட்ச், சில்லறை எல்லாவற்றையும் லாக்கரில் வைத்துவிட்டு மூன்று கதவுகளைத் தாண்டித்தான் வக்கீல் சந்திப்பு அறைக்குப் போக முடியும். ஒரு கதவு பூட்டின பிறகுதான் அடுத்தது திறக்கும். ஒன்பதரை மணிக்குப் பார்க்க வேண்டியவரைப் பதினொன்றே காலுக்குக் கொண்டுவந்தார்கள், விங்கிலிருந்து கூட்டிவர ஆளில்லை என்றார்கள். வந்தவர் உட்கார்ந்ததும் முதலில் கேட்டது வழக்கைப் பற்றி இல்லை. 'அண்ணா, கொஞ்சம் தமிழ்லயே கதைச்சுக்கொண்டு இருங்கோ' என்றார். அவர் விங்கில் தமிழ் தெரிந்தவர் யாருமில்லை, பதினோரு நாள் ஆகியிருந்தது.

ஒருவருக்குக் கட்டிய செல்லில் இரண்டு பேர். மேலும் கீழுமாகக் கட்டில், கால்மாட்டில் கழிவறை, நடுவில் ஒரு திரை இருந்தால் பாக்கியம், சாப்பிடுவதும் அங்கேயே. ஆள் பற்றாத நாட்களில் 22, 23 மணி நேரம் பூட்டியே வைத்திருப்பார்கள். 2010-க்குப் பிறகு சிக்கனம் என்ற பெயரில் சிறை அதிகாரிகளில் கால்வாசிப் பேரைக் குறைத்தார்கள், அந்தப் பள்ளம் இன்னும் நிரம்பவில்லை. பிறகு ஆள் எடுத்தார்கள்தான், இருபது வருட அனுபவம் போன இடத்தில் இருபது வயதுப் பிள்ளைகள் வந்தார்கள்.

சிகரெட்டைத் தடை செய்தபின் வேப் என்ற இ-சிகரெட்தான் உள்ளே காசு மாதிரி. ஸ்பைஸ் என்ற செயற்கைப் போதையைக் காகிதத்தில் தெளித்துக் கடிதம் போல அனுப்பினார்கள், அதைப் பிடிக்கத் தொடங்கியதும் ட்ரோன். இரவில் ஜன்னலை உடைத்துக் கையை நீட்டினால் பார்சல் வந்து நிற்கும். தலைமைச் சிறை ஆய்வாளர் சார்லி டெய்லர் 2025 ஜனவரியில் இதை தேசப் பாதுகாப்புக்கே ஆபத்து என்று எழுதினார். 2023 செப்டம்பரில் வாண்ட்ஸ்வர்த்திலிருந்து முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் சாப்பாட்டு லாரிக்கு அடியில் தொங்கிக்கொண்டே தப்பித்துப் போனது நினைவிருக்கும், 75 மணி நேரம் கழித்து ஒரு கால்வாய்க் கரையில் பிடித்தார்கள்.

முன்பு இதைவிட மோசம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். செல்லில் கழிவறையே இல்லாமல் இரவெல்லாம் வாளி, காலையில் வரிசையாகக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். 1990 ஏப்ரல் 1 அன்று மான்செஸ்டர் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் சிறையில் பிரார்த்தனைக் கூடத்தில் வெடித்த கலவரம் 25 நாள் நீடித்தது, கைதிகள் கூரையில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். பிறகு நீதிபதி வுல்ஃப் விசாரித்து அறிக்கை கொடுத்ததால்தான் வாளி போனது, அதுவும் 1996-இல்தான்.

இடம் போதவில்லை என்றால் புதிதாகக் கட்ட வேண்டியதுதானே?

கட்டுகிறார்கள். ஃபைவ் வெல்ஸ் 2022, ஃபாஸ் வே 2023, மில்சைக் 2025. ஆனால் 2020-களின் நடுவில் 20,000 இடம் என்று வாக்குக் கொடுத்தது நடக்கவில்லை. இப்போதைய வாக்கு 2031-க்குள் 14,000. கடுமையான தண்டனை வேண்டும் என்று ஓட்டுப் போடுகிற அதே ஊர்க்காரர்கள், பக்கத்து வயலில் சிறை வருகிறது என்றால் பதாகையோடு வந்து நிற்பார்கள், திட்ட அனுமதி வருடக்கணக்கில் இழுக்கும். கட்டியபின்னும் ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 50,000 பவுண்டுக்கு மேல் செலவு. நல்ல போர்டிங் ஸ்கூல் பீஸ் அது.

தனியார் ஜெயில் உண்டா?

உண்டு, பத்துக்கும் மேல். 1992-இல் வோல்ட்ஸ் சிறையில் தொடங்கியது, ஐரோப்பாவிலேயே முதல். சில நன்றாகவே நடக்கின்றன. பர்மிங்ஹாம் சிறை மட்டும் நடத்த முடியாமல் போய் 2018-இல் அரசு ஜி4எஸ் என்ற கம்பெனியிடமிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது. ஆய்வாளர்கள் உள்ளே இருந்த வேளையிலேயே வெளியே ஊழியர் கார் நிறுத்தத்தில் கார்களைக் கொளுத்தினார்கள் என்றால் பாருங்கள்.

இதைவிடப் பெரிய கூத்து புரொபேஷன். கிறிஸ் கிரெய்லிங் அமைச்சராக இருந்தபோது 2014-இல் அதில் பெரும்பகுதியைப் பிரித்து 21 கம்பெனிகளிடம் கொடுத்தார், சரிவரவில்லை, 2021 ஜூனில் எல்லாவற்றையும் மறுபடி அரசிடமே சேர்த்தார்கள். கைதிகளுக்குக் குடும்பத்தார் புத்தகம் அனுப்பக்கூட வழியில்லாமல் செய்த விதியும் அவர் காலத்ததுதான், 2014 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்றது.

கடையில் திருடு போனால் போலீஸ் ஏன் வருவதில்லை? 200 பவுண்டுக்குக் கீழே திருட்டே இல்லையாமே?

நம் ஆட்கள் நிறையப் பேர் கடையும் பெட்ரோல் ஷெட்டும் வைத்திருப்பதால் அதிகம் கேட்பது இதைத்தான். திருட்டு திருட்டுதான், இருபது பென்ஸ் ஆனாலும். 2014 சட்டம் செய்தது, 200 பவுண்டுக்குக் கீழான கடைத் திருட்டை மாஜிஸ்திரேட் கோர்ட்டோடு முடிக்கிற சின்ன வழக்காக்கியது மட்டும்தான். ஆனால் 'இது சின்னது' என்று சட்டமே சொன்னபின் ஸ்டேஷனில் யார் ஓடிவரப் போகிறார்கள்? திருடுகிறவனுக்கும் அந்தக் கணக்கு தெரியும். 2025-இல் கொண்டுவந்த மசோதாவில் அந்த வரம்பை எடுக்கவும், கடை ஊழியரைத் தாக்குவதைத் தனிக் குற்றமாக்கவும் ஏற்பாடு இருந்தது.

ஆள்கணக்கையும் பாருங்கள். 2010-இல் போலீஸ் அதிகாரிகள் சுமார் 1,43,000, 2018 வாக்கில் இருபதாயிரம் பேர் குறைவு. 2019-இல் போரிஸ் ஜான்சன் வந்து 20,000 பேரை எடுப்பேன் என்றார், 2023-க்குள் எடுத்தும்விட்டார்கள். குறைத்ததைத்தான் திரும்ப வைத்தார்கள் என்பது ஒன்று, வந்தவர்கள் புதியவர்கள் என்பது இன்னொன்று. பதிவான குற்றங்களில் ஆள் மேல் வழக்குப் போட்டது 2015-இல் சுமார் 15 சதவீதம், 2022-இல் 6-க்கும் கீழே. கடைத் திருட்டுப் பதிவு 2024-இல் ஐந்து லட்சத்தைத் தாண்டியது.

என் மைத்துனர் கடையில் ஒரே ஆள் ஒரே வாரத்தில் மூன்று தடவை வந்து சலவைத்தூள், சீஸ், காபி என்று பை நிறைய எடுத்துக்கொண்டு நடந்து போனான். ஓடவில்லை, நடந்து போனான். கேமரா படம் தெளிவாக இருந்தது. கிடைத்தது ஒரு குற்றப் பதிவு எண்ணும் மூன்று வாரம் கழித்து 'வழக்கு மூடப்பட்டது' என்று ஒரு ஈமெயிலும். அப்படியும் பதிவு செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். எண் இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் கிடைக்காது, அதோடு ஒரே ஆள் மேல் பத்துப் பதிவு சேர்ந்தால்தான் அவனைத் தேடவாவது தொடங்குவார்கள்.

தெருவில் போலீஸ் நிறுத்திச் சோதித்தால் என்ன செய்வது?

நியாயமான சந்தேகம் இருந்தால்தான் சோதிக்கலாம் என்பது 1984 சட்டம். விதிவிலக்கு ஒன்று: ஒரு பகுதியில் வன்முறை நடக்கப்போகிறது என்று மேலதிகாரி உத்தரவு போட்டால், அந்த இடத்தில் அந்த நேரத்துக்கு யாரையும் காரணமில்லாமல் நிறுத்தலாம். சோதிக்கும் அதிகாரி தன் பெயர், ஸ்டேஷன், எதைத் தேடுகிறார், எந்தச் சட்டப்படி என்று சொல்ல வேண்டும், கேட்டால் எழுத்தில் தர வேண்டும். சோதனைக்காக மட்டும் நிறுத்தினால் உங்கள் பெயர், விலாசம் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. கையைத் தட்டிவிடுவது, ஓடுவது வேண்டாம், தப்பே செய்யாதவர் அங்கேதான் தப்பில் மாட்டுவார்.

கறுப்பின மக்களை வெள்ளையரைவிடச் சுமார் நான்கு மடங்கு அதிகமாக நிறுத்துகிறார்கள், இது அரசின் சொந்தக் கணக்கு. பழைய வியாதி. 1824-இல் பிச்சைக்காரர்களைத் துரத்தப் போட்ட ஒரு சட்டத்தை வைத்து 1970-களில் கறுப்பின இளைஞர்களைச் 'சந்தேகம்' என்று பிடித்தார்கள். 1981 ஏப்ரலில் பிரிக்ஸ்டனில் சில நாட்களுக்குள் ஆயிரத்தை நெருங்கும் பேரை நிறுத்திச் சோதித்ததும் பகுதியே பற்றி எரிந்தது. 1993-இல் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின மாணவன் பஸ் நிறுத்தத்தில் குத்திக் கொல்லப்பட்ட வழக்கைப் போலீஸ் சொதப்பியது. 1999-இல் மேக்பர்சன் அறிக்கை லண்டன் போலீஸில் நிறவெறி அமைப்பாகவே ஊறியிருக்கிறது என்றது. இரண்டு பேருக்குத் தண்டனை கிடைக்க 2012 ஆனது. 2023-இல் கேசி அறிக்கை வந்தது, 24 வருடத்துக்குப் பிறகும் அதே வார்த்தையை எழுதி, பெண் வெறுப்பையும் ஓரினச் சேர்க்கையாளர் வெறுப்பையும் கூடச் சேர்த்தது. அப்போது போலீஸ் வேலையில் இருந்த ஒருவனே சாரா எவரார்ட் என்ற பெண்ணைக் கைது செய்வது போல் காரில் ஏற்றிக் கடத்திக் கொன்றபின் தொடங்கிய விசாரணை அது.

கைது செய்துவிட்டால்?

சொலிசிட்டர் கேளுங்கள். ஸ்டேஷனில் இலவசம், உங்கள் சம்பளம் எவ்வளவு என்றாலும். மொழிபெயர்ப்பாளரும் இலவசம். 'நான் தப்பே செய்யவில்லை, எதற்கு வக்கீல்' என்பதும் 'வக்கீல் வந்தால் நேரமாகும், பேசிவிட்டுப் போய்விடலாம்' என்பதும் நம் ஆட்கள் செய்யும் இரண்டு பெரிய பிழைகள். சாதாரணமாக 24 மணி நேரம் வைத்திருக்கலாம், பாரதூரமான குற்றம் என்றால் மேலதிகாரி 36 ஆக்கலாம், மாஜிஸ்திரேட் அனுமதித்தால் 96 வரை.

விசாரணைக்கு முன் போலீஸ் ஒரு எச்சரிக்கை வாசிக்கும். நான் தமிழில் இப்படிச் சொல்வேன்: 'நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், பின்னால் கோர்ட்டில் உங்கள் பக்கத்துக்காகச் சொல்லப்போகும் ஒரு விஷயத்தை இப்போது கேட்கும்போது சொல்லாமல் விட்டால், அது உங்கள் வழக்கைப் பாதிக்கலாம். நீங்கள் சொல்வது எதையும் சாட்சியமாக வைக்கலாம்.' முதல் வாக்கியம் கதவைத் திறக்கிறது, இரண்டாவது பாதி மூடுகிறது. அந்த நடு வாக்கியம் 1994 சட்டத்தால் வந்தது. அதற்கு முன் வாயை மூடிக்கொண்டு இருந்தால் அதை வைத்து ஜூரி எதையும் யூகிக்கக் கூடாது.

பெரியவர்கள் பலர் நான் சொல்லச் சொல்ல 'ஓம், ஓம்' என்று தலையாட்டுவார்கள். அந்த ஓமுக்கு 'நீ சொல்வது காதில் விழுகிறது' என்றுதான் அர்த்தம். அதிகாரி அதை 'ஆமாம், புரிந்தது' என்று எழுதிக்கொள்ளப் போவார். அதனால் நல்ல அதிகாரி என்றால் 'உங்கள் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள்' என்பார். அப்போதுதான் தெரியும், பாதிப் பேருக்குப் புரியவில்லை என்று.

வழக்கு ஏன் இவ்வளவு இழுக்கிறது?

பெரிய குற்ற வழக்குகளை விசாரிக்கும் கிரவுன் கோர்ட்டில் தேங்கியவை 2025-இல் 75,000-ஐத் தாண்டின. கோர்ட் கட்டடங்களை விற்றார்கள், ஜட்ஜ் உட்காரும் நாட்களைக் குறைத்தார்கள், அப்புறம் கொரோனா. தீர்ப்பு வராமலே ரிமாண்டில் இருப்பவர்கள் சிறையில் ஐந்தில் ஒருவர்.

வெளிநாட்டவர்தான் ஜெயிலை நிரப்புகிறார்களாமே?

எட்டில் ஒருவர் போல வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர். அதில் முதலிடம் அல்பேனியர்களுக்கு. எல்லோரையும் இன்றே விமானம் ஏற்றினாலும் மிச்சம் 75,000-க்கு மேல் இருக்கும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லாதவர்கள் கவனிக்க வேண்டியது வேறு: 2007 சட்டப்படி ஒரு வருடமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை கிடைத்தால் பொதுவாக நாடுகடத்தும் உத்தரவு தானாக வரும். 'குற்றத்தை ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடியும்' என்று தலையாட்டும் முன் இதைச் சொலிசிட்டரிடம் கேட்க வேண்டும்.

விசா இல்லை என்று அடைத்துவைப்பது இதில் சேராது, அது குற்றத் தண்டனையே இல்லை. அந்தக் கதையில் நம்மவர்களுக்குப் பழைய இடம் உண்டு. 1987-இல் அகதிக் கோரிக்கையாளர்களை, அதில் பெரும்பகுதி ஈழத்தமிழர்கள், ஹார்விச் துறைமுகத்தில் 'ஏர்ல் வில்லியம்' என்ற பழைய பயணிகள் கப்பலில் அடைத்துவைத்திருந்தார்கள். அக்டோபர் 16 பெரும்புயலில் கப்பல் கயிறறுத்துக்கொண்டு போய்த் தரைதட்டியது. அதோடு அவர்களை வெளியே விட்டார்கள்.

தூக்குத் தண்டனை இருந்தால் இதெல்லாம் நடக்குமா?

கடைசியாகத் தூக்கிலிட்டது 1964 ஆகஸ்ட் 13. 1965-இல் நிறுத்தி 1969-இல் நிரந்தரமாக்கினார்கள். 1950-இல் டிமோதி எவன்ஸ் என்பவரைத் தன் குழந்தையைக் கொன்றதாகத் தூக்கிலிட்டார்கள். மூன்று வருடம் கழித்து, அதே வீட்டில் கீழே குடியிருந்தவன் தொடர் கொலைகாரன் என்று தெரிந்தது. எவன்ஸுக்கு 1966-இல் மன்னிப்பு வழங்கினார்கள்.

ஸ்காட்லாந்தில் மட்டும் எப்படிக் குறைந்தது?

கத்திக்குத்தைத்தானே கேட்கிறீர்கள்? கிளாஸ்கோவில் 2005-இல் போலீஸே ஒரு தனிப் பிரிவு தொடங்கி, வன்முறையைத் தொற்றுநோய் மாதிரிப் பார்த்தது: கும்பல் பையன்களைக் கூப்பிட்டுப் பேசுவது, வேலை தேடிக் கொடுப்பது, அதோடு கத்தியோடு பிடித்தால் கடுமையும். கொலைகள் நன்றாகவே குறைந்தன. லண்டனும் பின்னால் அதே மாதிரி ஒன்றைத் தொடங்கியது. ஸ்காட்லாந்தில் குற்றப் பொறுப்பு வயது 12, இங்கிலாந்தில் 10. பத்து! நாலாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை.

வெளியே வருகிறவருக்கு அரசு வீடு, காசு எல்லாம் கொடுக்கிறதாமே?

கையில் கொடுக்கும் காசு பல வருடங்களாக 46 பவுண்டாகவே இருந்தது, 2021-இல்தான் 76 ஆக்கி அப்புறம் சற்று ஏற்றினார்கள். வீடு? டேக் போட விலாசம் வேண்டும், விலாசத்துக்கு வாடகை வேண்டும், வாடகைக்கு வேலை வேண்டும், வேலைக்குக் குற்றப் பதிவைக் காட்ட வேண்டும். ஒரு வருடத்துக்குக் குறைவான தண்டனை முடித்து வருகிறவர்களில் பாதிக்கும் மேல் ஒரு வருடத்துக்குள் மறுபடி குற்றம் செய்து மாட்டுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை விடுதலைதான் இருப்பதிலேயே கொடுமை. பகலில் விட்டால் கவுன்சில் ஆபீஸ், புரொபேஷன், மருந்து எழுதித் தரும் டாக்டர் எல்லாமே சாயங்காலம் ஐந்து மணிக்கு மூடிவிடும், அடுத்தது திங்கள். வருடக்கணக்கில் கத்தியபின் 2023-இல் சட்டம் வந்தது, தேவைப்படுகிறவரை இரண்டு நாள் முன்னதாக விடலாம் என்று. நான் பார்த்த ஒருவர் அந்தச் சட்டத்துக்கு முந்தைய வருடம், ஒரு வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குத் தன் சாமான் எல்லாம் தெரிகிற பிளாஸ்டிக் பையோடு கோர்ட் பக்கத்து பஸ் நிறுத்தத்தில் நின்றார். போனில் சார்ஜ் இல்லை, உள்ளே இருந்த காலத்தில் சிம்மும் செத்திருந்தது. கவுன்சில் நம்பரை என் போனிலிருந்து அடித்தோம். வரிசையில் நீங்கள் பதினேழாவது ஆள் என்றது இயந்திரம்.